இரும்பு ருசித்த தேநீர்

"என்னை யாரோ கொஞ்சம் கொஞ்சமா கொன்னுட்டிருக்காங்க சார். அது என் பொண்டாட்டிதான்னு நான் சாகறதுக்குள்ள நிரூபிச்சுக் கொடுங்க. அது போதும்."

வந்தவர் நாற்காலியில் உட்காரும் முன்பே இதைச் சொல்லிவிட்டார். உச்சி வெயில் மண்டையைப் பிளக்கும் நேரத்தில் கழுத்துவரை கம்பளிச் சால்வை போர்த்தியிருந்தார். ஐம்பது வயது இருக்கும். சட்டை வேறொரு பெரிய ஆளிடம் இரவல் வாங்கியது போலத் தொங்கியது.

அவர் தேடி வந்த வீட்டுக்காரரைத் தெருவில் எல்லோரும் 'விஷக்காரர்' என்றுதான் சொல்வார்கள். பாவம், கரப்பான் பூச்சிக்குக்கூட மருந்து வைக்காத மனிதர். அரசாங்கப் பரிசோதனைக் கூடத்தில் முப்பத்திரண்டு வருஷம் செத்தவர்களின் குடலிலும் சோற்றிலும் விஷம் தேடியதால் வந்த பட்டப்பெயர் அது. ஓய்வு பெற்ற பிறகும் சந்தேகம் பிடித்தவர்கள் பாத்திரமும் கையுமாக அவரைத் தேடி வந்துகொண்டுதான் இருந்தார்கள். அவருக்கு ஒத்தாசை, மனைவியின் தம்பி. ஆயுள் காப்பீட்டு ஏஜெண்ட். தொழிலே பெயராகவும் ஒட்டிக்கொண்டது. எள் என்றால் எண்ணெயாக நிற்பவன். சில சமயம் யாரும் எள் என்று சொல்லாமலே எண்ணெயாக வந்து நிற்பான், அதுதான் தொந்தரவு.

"யார் சார் நீங்க? முதல்ல உக்காருங்க" என்றான் ஏஜெண்ட்.

"டீ டேஸ்டர். தேயிலைக் கம்பெனியில இருபத்தாறு வருஷ சர்வீஸ். தினம் இருநூறு கோப்பை உறிஞ்சி, நாக்குல உருட்டி, துப்பிட்டு, இது என்ன தரம், என்ன விலை போகும்னு சொல்லணும். நான் சொன்னா சொன்னதுதான். அந்த நாக்கு சொல்லுது சார், அவ போடுற டீயில இரும்பு இருக்கு."

ஏஜெண்டுக்கு மயிர் சிலிர்த்தது. விஷக்காரர் மட்டும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எப்பல்லாம் தெரியுது?"

"காலையில முதல் வாய்லயே."

"டீயைப் பரிசோதனைக்குக் கொடுத்தீங்களா?"

"மூணு தடவை. ஒண்ணுமில்லைன்னுட்டாங்க. மெஷினுக்கு என் நாக்கு மாதிரி வருமா?"

டேஸ்டர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். ஐந்து மாதக் கணக்கு தேதிவாரியாக இருந்தது. சாயங்காலம் ஆனால் காய்ச்சல். இரவில் படுக்கை நனைகிற அளவுக்கு வேர்வை. பதினாலு கிலோ இறங்கியாயிற்று. இரண்டு தடவை ரத்தம் எடுத்துப் பார்த்தும் டாக்டர்களுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் மாதம் ஒரு முறை தேயிலை ஏலத்துக்காக அவர் துறைமுக நகரத்துக்குப் போய் ஐந்து நாள் தங்குவார். அந்த ஐந்து நாளும் காய்ச்சலும் இல்லை, இரும்பு ருசியும் இல்லை. வீடு திரும்பிச் சில நாளில் பழைய குருடி கதவைத் திறடி.

"அத்தான், இதுக்கு மேல என்ன வேணும்? வீட்ல இருந்தா நோய், வெளிய போனா சுகம்!" என்று துள்ளினான் ஏஜெண்ட்.

விஷக்காரர் அவனைக் கண்டுகொள்ளவில்லை. "அவங்க கையால இப்பவும் சாப்பிடறீங்களா?"

"நிறுத்தி ஒரு மாசம் ஆச்சு. சீல் உடைக்காத தண்ணி பாட்டில் வாங்கி நானே திறந்து குடிச்சேன். அதுலயும் இரும்பு."

"சீல் பாட்டில்லயுமா?" என்று ஏஜெண்ட் வாயைப் பிளந்தான்.

"அப்பதான் புரிஞ்சுது. தூங்கும்போது என் உதட்டுல எதையோ தடவுறா." டேஸ்டர் பையிலிருந்து ஒரு தலையணை உறையை எடுத்துப் போட்டார். வெள்ளைத் துணியின் ஒரு ஓரத்தில் துருப்பிடித்த நிறத்தில் சின்னச் சின்னக் கறைகள். "ரெண்டு வாரம் முன்னாடி அவளை அவ அக்கா வீட்டுக்கு அனுப்பிட்டேன். போன வாரம் ஏலத்துக்குப் போனேன், நல்லா இருந்தேன். வந்து மூணு நாள் ஆகுது. நேத்து மறுபடியும் காய்ச்சல். அவகிட்ட இன்னொரு சாவி இருக்கு."

"அவங்க மேல எப்போ முதல்ல சந்தேகம் வந்துச்சு?"

"அஞ்சு மாசம் முன்னாடி என் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தா. அன்னிக்கே தெரிஞ்சுக்கிட்டேன், இவ எனக்கு ஆகாதவன்னு. அது என்னன்னு கேக்காதீங்க, வீட்டு விஷயம்."

ஏஜெண்டுக்குச் சும்மா இருக்க முடியவில்லை. புது ஆளைப் பார்த்தாலே காப்பீட்டுப் படிவத்தின் கேள்விகள் தானாக நாக்கில் வந்துவிடும். "சர்க்கரை இருக்கா? ஆபரேஷன் ஏதாவது? சின்ன வயசுல பெரிய வியாதி?"

"ஒண்ணும் கிடையாது. பள்ளிக்கூடத்துல ஓட்டப் பந்தயத்துக்கு மட்டும் என்னைச் சேர்க்கல. இதயத்துல என்னமோ சத்தம் கேக்குதுன்னார் அந்த டாக்டர். நாப்பது வருஷம் ஆச்சு, கல்லு மாதிரிதானே இருந்தேன்!"

விஷக்காரரின் மனைவி ரஸ்க்கும் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தாள். டேஸ்டர் ரஸ்க்கைத் தண்ணீரில் முக்கி, கூழாகும்வரை காத்திருந்து, நாக்கால் நசுக்கி விழுங்கினார். அவர் விரல் நகங்களுக்கு அடியில், முள் ஏறி ஒடிந்தது போல, கருஞ்சிவப்பாக மெல்லிய கோடுகள்.

"தோட்ட வேலை பண்ணுவீங்களா?" என்றான் ஏஜெண்ட்.

"எனக்கு எங்க அதுக்கெல்லாம் நேரம்?"

விஷக்காரர் எழுந்துபோய், காயம் கழுவுகிற மருந்து பாட்டிலைக் கொண்டுவந்து கறையின் மேல் ஒரு சொட்டு விட்டார். குபுகுபுவென்று நுரை பொங்கியது. ஏஜெண்ட் எட்டிப் பார்த்து, "என்ன விஷம் அத்தான்?" என்றான்.

"ரத்தம் மாதிரி இருக்கு" என்றார் அவர். பிறகு டேஸ்டரைப் பார்த்து, வழக்கமில்லாத கண்டிப்புடன், "இன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரியில போய்ச் சேருங்க. மத்ததை அப்புறம் பேசலாம்" என்றார்.

"நாளைக்கு எண்பது சாம்பிள் இருக்கு சார். நான் போகலைன்னா என் அசிஸ்டெண்ட் அந்த நாற்காலியில உக்காந்துடுவான். நீங்க ஆளைக் கண்டுபிடிங்க" என்று வீட்டுச் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

*

டேஸ்டரின் வீடு மூன்றாவது மாடியில் இருந்தது. ஏஜெண்ட் நேராகச் சமையலறைக்குப் பாய்ந்து டப்பா டப்பாவாக முகர்ந்தான். மிளகாய்த்தூளை முகர்ந்து ஆறு தும்மல் போட்டதுதான் மிச்சம். விஷக்காரர் குளியலறையில் நின்றுகொண்டிருந்தார்.

"இங்க என்ன அத்தான் இருக்கு?"

"ஒண்ணுமே இல்லையே, அதைத்தான் பாக்கறேன்." ஒரு குவளையில் பல் தேய்க்கும் பிரஷ் ஒன்று நின்றது. நார்கள் வாங்கிய அன்றைக்கு இருந்ததுபோல விறைப்பாக இருந்தன, மேலே தூசி. பக்கத்தில் பற்பசைக் குழாய். மூடியைத் திருகினால் வாயில் பசை கல்லாக இறுகிக் கிடந்தது.

"மனைவியோட பிரஷ்ஷா இருக்கும். போயே ரெண்டு வாரம் ஆச்சே."

"ஊருக்குப் போறவங்க பிரஷ்ஷை எடுத்துட்டுத்தானே போவாங்க மாப்ளே."

படுக்கையறையில் பயணப் பெட்டி பாதி பிரித்தபடி கிடந்தது. அதன் உள்பையில் ஐந்து காலி மாத்திரை அட்டைகள், எல்லாம் ஒரே பெயர். "டூர் போறவங்க வயித்துக் கோளாறுக்கு வெச்சிருப்பாங்க" என்று ஏஜெண்ட் அலட்சியமாகத் தூக்கிப் போட்டான். விஷக்காரர் அவற்றைக் குனிந்து பொறுக்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"மாத்திரை ஏதாவது சாப்பிடுறதா அவர் சொன்னாரா?"

"சொல்லலையே."

"டாக்டர்கிட்டயும் சொல்லியிருக்க மாட்டார்" என்றார் விஷக்காரர்.

மறுநாள் விடிந்ததும் டேஸ்டரின் மனைவியைப் பார்க்க அவள் அக்கா வீட்டுக்குப் போனார்கள். டேஸ்டரின் மனைவி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். வந்த காரியத்தைக் கேட்டும் அவள் கை நிற்கவில்லை. ஒரு துண்டை நான்காக மடித்து நீவிவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"விஷம் வெச்சவகிட்டயே கேக்க வந்திருக்கீங்களா? என்ன வெச்சேன்னு எனக்கே தெரியல. நீங்க கண்டுபிடிச்சா எனக்கும் சொல்லுங்க."

"அஞ்சு மாசம் முன்னாடி என்னம்மா சண்டை?" என்றார் விஷக்காரர்.

"அவரே சொல்லட்டும். நான் சொன்னா அதுலயும் விஷம் இருக்கும்."

எவ்வளவு கெஞ்சியும் அவள் வாய் திறக்கவில்லை. ஏஜெண்டுக்கு எரிச்சலாக வந்தது. குற்றம் உள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான். படியிறங்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது. "ராத்திரி வேர்வை குறைஞ்சிருக்கா அவருக்கு? மாத்துச் சட்டையைத் தலைமாட்டுல வெச்சுக்கச் சொல்லுங்க. ஈரத்தோடயே படுத்துடுவார்."

*

தேயிலைக் கம்பெனியின் டேஸ்டிங் அறையில் நீளமான மேஜைமேல் வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக நின்றன. நிறுத்துப் போட்ட தூள், கொதிநீர், ஐந்து நிமிஷ மணி. டேஸ்டர் சால்வையைக் கழற்றி வைத்துவிட்டுக் கரண்டியோடு மேஜையின் அந்தக் கோடியில் நின்றார். இந்தக் கோடியில் அசிஸ்டெண்ட். நடுவே இருபது கோப்பை தூரம்.

"எதுக்கு இவ்ளோ தள்ளி நிக்கறீங்க?" என்று ஏஜெண்ட் அசிஸ்டெண்டின் காதைக் கடித்தான். இவனும் ஒரு கூட்டாளியாக இருக்கலாம் என்று அவனுக்கு ஒரு கணக்கு.

அந்த ஆள் சங்கடமாக நெளிந்தான். "பெரியவரைப் பத்தி எப்படிச் சொல்றது சார். பக்கத்துல நின்னா... வாடை தாங்கல. டீயோட வாசனையே எனக்குப் பிடிபட மாட்டேங்குது. அவர் என்னடான்னா நான் சதி பண்றேன்னு நினைக்கிறார்."

"நீங்க எப்போ பல் தேய்ப்பீங்க?" என்று விஷக்காரர் கேட்டார். ஏஜெண்டுக்கு அத்தான் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

"காலையில இந்தத் தொழில்ல யாரும் பேஸ்ட்டைத் தொட மாட்டோம் சார். புதினா காரம் ஏறிட்டா அன்னிக்கு நாக்குக்கு லீவுதான். மத்தியானம் வேலை முடிஞ்சதும் நல்லாத் தேய்ச்சுக்குவோம். பெரியவர் மத்தியானமும் உக்காருவார், சாயங்காலமும் உக்காருவார். வெந்நீர்ல கொப்புளிக்கிறதோட சரி. பிரஷ் பட்டா ரத்தம் வருது, ரத்தம் வந்தா ருசி கெடுதுன்னு அதையும் விட்டுட்டதா ஒரு தடவை அவரே சொன்னார். தொழில் பக்தின்னு நாங்க மெச்சிக்கிட்டோம்."

விஷக்காரர் விறுவிறுவென்று அந்தக் கோடிக்கு நடந்தார். அவர் இவ்வளவு வேகமாக நடந்து ஏஜெண்ட் பார்த்ததே இல்லை. ஆனால் பாதி வழி போவதற்குள் டேஸ்டரின் கையிலிருந்து கரண்டி நழுவிக் கோப்பைமேல் விழுந்தது. அவர் அதை எடுக்கப் பார்த்தார்; வலது கை கேட்கவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தார். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. விஷக்காரர் ஓடிப்போய்த் தாங்குவதற்குள் மூன்று கோப்பைகள் உருண்டு உடைந்தன.

*

ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியில், டேஸ்டரின் கட்டிலைச் சுற்றி அவர் மனைவி, அசிஸ்டெண்ட், ஏஜெண்ட் மூவரும் நின்றார்கள். எல்லோரையும் வரச் சொன்னது விஷக்காரர். டேஸ்டர் விழித்திருந்தார். பேச்சு குழறினாலும் புரிந்தது.

"யாரு?" என்றார் அவர். "சொல்லுங்க. யாரு?"

"விஷம் வெக்கலைங்க, யாரும்" என்றார் விஷக்காரர். "உங்க நாக்கு பொய் சொல்லல, இரும்பு இருந்தது நிஜம். ஆனா அது கோப்பையில இல்ல. சீல் உடைக்காத பாட்டில்லயும் அதே ருசின்னா, ருசி எங்க இருக்கணும்? குடிக்கிற வாயிலதான். ராத்திரி முழுக்க உங்க ஈறுலேர்ந்து ரத்தம் கசிஞ்சிருக்கு. தலையணையில ஒரு ஓரமா பட்டதும் அதுதான். ரத்தம் இரும்பு மாதிரிதான் ருசிக்கும். ரஸ்க்கைக்கூட உங்களால கடிக்க முடியல."

"காய்ச்சல்?"

"ஈறு அழுகினா அங்க இருக்கிற கிருமி வாயோட நிக்காது. நீங்க ஒவ்வொரு வாய் மெல்லும்போதும் ரத்தத்துல கலந்து உடம்பெல்லாம் சுத்தும். நல்ல இதயமா இருந்தா பெரும்பாலும் தாக்குப்பிடிச்சிருக்கும். உங்களுக்குச் சின்ன வயசுலயே இதயத்துல சத்தம். அங்க ஒரு வால்வு பிறவியிலேயே பழுது. அந்தப் பழுதுல கிருமி போய் ஒட்டிக் கூடு கட்டிடுச்சு. அதான் சாயங்காலக் காய்ச்சல், வேர்வை. அந்தக் கூடு துணுக்குத் துணுக்கா உடைஞ்சு ரத்தத்துல ஓடினதுதான் உங்க நகத்துக்கடியில இருந்த கோடு. அன்னிக்கே எனக்குப் பயம் வந்துடுச்சு. ஒரு பெரிய துணுக்கு மூளைக்குப் போனதுதான் இந்தக் கை."

"இல்ல" என்று தலையை அசைத்தார் டேஸ்டர். "டூர்ல... நல்லா இருந்தேன்."

விஷக்காரர் பையிலிருந்து ஐந்து காலி அட்டைகளை எடுத்துப் போர்வைமேல் வைத்தார். டேஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஏலத்துல வியாபாரிங்களோட நெருங்கி உக்காந்து பேசணும். ஈறு வீங்கியிருந்தா தெரிஞ்சுடும். அதனால ஒவ்வொரு தடவையும் கிளம்பும்போது மருந்துக் கடையில இதை வாங்கி அஞ்சு நாள் போட்டுக்கிட்டீங்க. இது கிருமியைக் கொல்ற மருந்து. ஈறு வடியும், ரத்தம் நிக்கும், இரும்பு ருசி போகும், காய்ச்சலும் விடும். ஆனா வால்வுல இருக்கிற கூட்டை அழிக்க அஞ்சு நாள் எந்த மூலைக்கு? அதுக்கு வாரக்கணக்குல ஊசி போடணும். நீங்க நிறுத்தினதும் மிச்சம் இருந்தது திரும்பப் பெருகும். வீட்டுக்கு வந்ததால காய்ச்சல் வரல. மாத்திரையை நிறுத்தினதால வந்தது."

ஏஜெண்ட் அட்டைகளைக் குனிந்து பார்த்தான். அந்த அட்டைகளைத் தூக்கிப் போட்டவனே அவன்தான். நுணலும் தன் வாயால் கெடும் என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டான். சிரிக்கிற விஷயமா இது.

"டாக்டருங்க ரத்தம் எடுத்துப் பார்த்தாங்களே" என்றான் அசிஸ்டெண்ட்.

"ரெண்டு தடவை. ரெண்டும் டூர் முடிஞ்ச கையோட. மாத்திரை வேகத்துல கிருமி பதுங்கியிருந்த நேரம். இப்படி ஒரு மாத்திரை சாப்பிட்டேன்னு இவர் சொல்லியிருந்தா அவங்களே பிடிச்சிருப்பாங்க. ஏன் சொல்லல?"

டேஸ்டர் சுவரைப் பார்த்தபடியே, "காய்ச்சல் டாக்டர்கிட்ட... பல்லைப் பத்தி எதுக்கு..." என்றார். பிறகு, "கம்பெனிக்குத் தெரிஞ்சா... வாய் கெட்ட டேஸ்டரை... எவன் வெச்சுப்பான்?"

"சரி, அஞ்சு மாசம் முன்னாடி அந்தச் சண்டை. இப்பவாவது சொல்லுங்க."

டேஸ்டர் கண்களை மூடிக்கொண்டார். கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் போனது. மனைவிதான் அதைத் தன் முந்தானையால் ஒற்றியெடுத்தாள்.

"நான் சொல்றேன்" என்றாள். "தலையணையில ரத்தத்தைப் பார்த்துட்டு, பல் டாக்டர்கிட்ட நேரம் குறிச்சுட்டு வந்தேன். வாங்க போலாம்னேன். ஊசி போட்டா நாக்கு மரத்துடும், என் பொழப்பைக் கெடுக்கப் பாக்கறியான்னு கத்தினார். அன்னிலேர்ந்து என் கையால தண்ணிகூட வாங்க யோசிச்சார்."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள்; இங்கே சரியான வழியைக் காட்டிய ஒரே ஆளின் தலையில்தான் மொத்தப் பழியும் விழுந்திருந்தது. ஏஜெண்டுக்கு அவள் முகத்தைப் பார்க்கவே கூசியது. குற்றம் உள்ள நெஞ்சு என்று இவளைத்தானே சொன்னோம் என்று நினைத்து நினைத்துக் குமைந்தான்.

டேஸ்டர் இடது கையை மெல்ல நகர்த்தி அவள் புடவை நுனியைப் பிடித்தார். "வேற யாராவது... பண்ணியிருந்தா... நல்லா இருந்திருக்கும்" என்றார்.

வெளியே நடையில் டாக்டர் விஷயத்தை மறைக்காமல் சொன்னார். வால்வு கிழிந்துவிட்டது, அறுவைச் சிகிச்சை செய்யாவிட்டால் இதயம் தாங்காது. மூளையில் ரத்தம் கசிந்திருக்கிறது; இப்போது அறுவைச் சிகிச்சை செய்தால் மூளை தாங்காது. மருந்து போய்க்கொண்டிருக்கிறது. எத்தனை நாள் என்று கேட்காதீர்கள், வாரக்கணக்கில் யோசிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த வார்டுக்குப் போய்விட்டார்.

மனைவி சுவரில் சாய்ந்து நின்றாள். ஏஜெண்ட் அவளருகே போய், "என்னை மன்னிச்சிடுங்கக்கா. நானும் உங்களைத் தப்பாத்தான் நினைச்சேன். இனிமே உங்களை ஒரு வார்த்தை யாரும் சொல்ல முடியாது. அத்தான் நிரூபிச்சுட்டார்" என்றான்.

அவள் அவனைப் பார்க்கவில்லை. விஷக்காரரைத்தான் பார்த்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கே அவர் என்கூடப் பல் டாக்டர்கிட்ட வந்திருந்தா?"

தெரியாது என்று சொல்லிவிடுங்கள் அத்தான் என்று ஏஜெண்ட் மனசுக்குள் கும்பிட்டான். ஒரே ஒரு பொய். யார் கேட்கப் போகிறார்கள். ஆனால் முப்பத்திரண்டு வருஷம் கோர்ட்டுக் கூண்டில் நின்று இருந்ததை இருந்தது என்றும் இல்லாததை இல்லை என்றும் மட்டுமே சொன்ன மனிதருக்கு வேறு பேச்சு வரவில்லை.

"பொழச்சிருப்பார்மா" என்றார். சொன்ன பிறகு அவசரமாக, "ஆனா அதுல உங்க தப்பு எதுவுமே இல்ல" என்றார்.

"நான் ஒரே ஒரு நாள்தான் சார் சண்டை போட்டேன். அப்புறம் எதுக்கு வம்புன்னு விட்டுட்டேன். கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிருக்கணும்."

"அப்படியெல்லாம் நினைக்காதீங்க" என்றான் ஏஜெண்ட்.

"அஞ்சு மாசமா விஷம் வெச்சே விஷம் வெச்சேன்னார். ஒரு நாள்கூட நான் அதை நம்பல" என்றாள் அவள். "இதை நம்பறேன்."

சொல்லிவிட்டு அவள் வார்டுக்குள் போனாள்.